எழுபத்திரண்டுக்குக் கீழே

ஐந்தே முக்காலுக்கு மங்கையர்க்கரசி காலனிப் பூங்காவின் இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, நூறு வயது வரை இருந்தே தீருவது என்று கங்கணம் கட்டிக்கொண்ட கூட்டம் மொத்தமும் அவளுக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. இவர்கள் எல்லாம் எப்போது தூங்குகிறார்கள், தூங்கத்தான் செய்கிறார்களா, இல்லை இங்கேயே கிடந்து விடிந்ததும் எழுந்து கையைக் காலை ஆட்டுகிறார்களா என்று மூன்று மாதமாக அவளுக்குச் சந்தேகம். ஒருவர் வேப்பமரத்தடியில் நின்று விடாமல் கை தட்டிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டால் கல்லீரலின் சாவியே உள்ளங்கையில்தான் இருக்கிறது என்பார், அதனால் கேட்கக் கூடாது. அந்தப் பக்கம் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்து ஹா ஹா ஹோ ஹோ என்று சிரித்தார்கள். வீட்டில் சிரிக்க ஒரு விஷயமும் இல்லாதவர்கள்தான் இங்கே வந்து முறை வைத்துச் சிரிக்கிறார்கள். சிரித்து முடித்ததும் வாசலில் அருகம்புல் சாறு குடிப்பார்கள், குடித்த கையோடு எதிர்ச்சாரிக் கடையில் நெய் வழியும் பொங்கலும் இரண்டு வடையும் தின்பார்கள், வீட்டுக்குப் போய் வாக்கிங் முடித்துவிட்டேன் என்று அலுத்துக்கொண்டு நாற்காலியில் விழுவார்கள். திருச்சியில் இருக்கிற அத்தனை தொப்பையும் இந்தப் பூங்காவுக்கு வந்து போன தொப்பைதான். இவர்களோடு தானும் ஒருத்தியாக நிற்கவேண்டி வந்ததே என்று தினமும் நினைப்பதை இன்றும் ஒருமுறை நினைத்துக்கொண்டு, புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, அவள் எட்டில் இறங்கினாள்.

எட்டு என்றால் எட்டேதான். தரையில் கூழாங்கல் பதித்துப் பெரிதாக எட்டு என்ற எண்ணைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அதன் மேலேயே நடக்கவேண்டும், தெற்கிலிருந்து வடக்காக இருபத்தொரு நிமிடம், பிறகு வடக்கிலிருந்து தெற்காக இருபத்தொரு நிமிடம். மாற்றி நடந்தால் பலன் இல்லை, பேசிக்கொண்டே நடந்தால் பலன் இல்லை, நடுவில் குறுக்கே விழுந்து போனால் வந்த பலனும் போய்விடும். இதை யார் கண்டுபிடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது, ஆனால் சித்தர்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். திசை மாறும் நேரத்தைச் சொல்ல சவரிமுத்து இருக்கிறார். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ரிடையர் ஆனவர், விசிலை மட்டும் விட மனசில்லாமல் கழுத்தில் மாட்டிக்கொண்டு வருகிறார். முதல் வாரம் அவள் தெரியாமல் எதிர்த்திசையில் இறங்கியபோது அவர் ஓடி வந்து, "மேடம், ராங் சைடு, ராங் சைடு, எல்லாருக்கும் டிஸ்டர்ப் ஆவுது பாருங்க" என்றார். கல்லூரி அலுவலகத்தில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து சூப்பரின்டென்டென்ட் ஆனவளை, இரண்டு முதல்வர்களைக் கண்ணாலேயே உட்கார வைத்தவளை, ஒரு விசில் திருப்பிவிட்டது. அவள் திரும்பினாள். அதுதான் அவளுக்கு இன்றுவரை ஆறவில்லை. கல் குத்துவது ஷூவின் அடிவழியாகத் தெரிந்தது. முதல் வளைவு. எழுபத்தொன்று எட்டு. இரண்டாம் வளைவு. எழுபத்தொன்று எட்டு. நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அந்த எண் மண்டைக்குள் உட்கார்ந்துகொண்டு எழுந்து போகமாட்டேன் என்கிறது. எழுபத்தொரு கிலோ எண்ணூறு கிராம். மருந்துக்கடை மிஷினில் ஏறி, இறங்கி, கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி ஏறிப் பார்த்தாள், அதே எண்தான். கடைக்காரப் பெண் "எறங்கியிருக்காம்மா?" என்று கேட்டாள். "மிஷின் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். வீட்டில் சொல்லவில்லை. ராத்திரி எட்டு மணிக்கு வழக்கம்போல தம்பி சபேசன் போனில் "எவ்வளவுக்கா?" என்று கேட்டபோது, நாக்கு தானாகவே "எழுபத்திநாலு" என்றது.

எழுபத்திரண்டுக்குக் கீழே வந்தால் அவளுடைய இடது சிறுநீரகத்தை எடுத்து சபேசனுக்கு வைப்பார்கள். மற்ற எல்லாப் பரிசோதனையும் முடிந்துவிட்டது, ரத்தம் சேர்ந்தது, திசு சேர்ந்தது, உறுப்பு தானத்துக்கு அனுமதி தருகிற கமிட்டிக்காரர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியாயிற்று, எடை ஒன்றுதான் பாக்கி. மூன்று மாதம் முன்பு எழுபத்தொன்பதரை இருந்தாள். அந்த டாக்டர், தலை நிறைய முடியும் ஒட்டிய வயிறுமாக இருந்த சின்னப் பையன், "ஏழரைக் கிலோ குறைச்சுட்டு வாங்கம்மா, உங்களுக்கும் அது நல்லதுதான்" என்றான். ஏழரை என்று அவன் சொன்னபோதே அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவனுக்கு அதெல்லாம் எங்கே தெரியப்போகிறது. கெடு இன்றோடு முடிகிறது. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் எடை பார்ப்பார்கள், சரியாக இருந்தால் வியாழக்கிழமை ஆபரேஷன். இல்லாவிட்டால் சபேசன் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் போட்டுவிட்டு வாரம் மூன்று நாள் டயாலிசிஸை இழுத்துக்கொண்டு போகவேண்டியதுதான், எவ்வளவு நாள் இழுக்குமோ அவ்வளவு நாள். ஆக இந்த ஊரில் ஒருத்தி இளைத்தாளா இல்லையா என்பது ஒரு உயிர் சமாசாரமாக ஆகிவிட்டது. ஐம்பத்தொரு வருஷமாக அவள் உடம்பைப் பற்றி யாரும் கவலைப்பட்டதில்லை. முழங்கால் வீங்கி மாடிப்படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறியபோது ஒருவரும் நடந்துபார் என்று சொல்லவில்லை. இப்போது குடும்பமே அவள் இடுப்பை அளந்துகொண்டிருக்கிறது. பெரியண்ணன் மதுரையிலிருந்து தினம் காலையில் உதயசூரியன் படத்தோடு ஒரு வாசகம் அனுப்புகிறார், இன்றைய வியர்வை நாளைய புன்னகை என்று. பெரியண்ணனுக்கும் அதே ரத்தம்தான், ஆனால் யார் தருவது என்ற பேச்சு வந்த அதே வாரத்தில் அவருக்கு பிரஷர் வந்துவிட்டது. அதுவரை எண்பது வயது வரை எனக்கு ஒரு மாத்திரை கிடையாது என்று கல்யாண வீடுகளில் மார்தட்டிக்கொண்டிருந்தவர். பிரஷர் வந்த மனுஷன் மாதிரியா இருந்தார், பரீட்சை தள்ளிப்போன பையன் மாதிரி இருந்தார். கோயிலுக்கு விடுகிற கிடாவையாவது கொழுக்க வைத்து வெட்டுவார்கள், தன்னை இளைக்க வைத்தல்லவா வெட்டப்போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். நினைத்ததும் வயிற்றின் இடது பக்கம், விலாவுக்குக் கீழே, ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு சில்லிப்பு ஓடியது. கை தானாக அங்கே போயிற்று. பின்னால் வந்தவர் இடித்துவிடாமல் விலகி, பேசாமல், பலன் கெடாமல், அவளைத் தாண்டிப் போனார்.

அந்தச் சீர்த்தட்டை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது. பொங்கலுக்குப் பொங்கல் உடன்பிறந்தவன் சீர் கொண்டுவருவது வழக்கம், சபேசன் அதை மறந்து ஒன்பது வருஷம் ஆகிறது. மறந்ததை அவளும் கேட்டதில்லை. கேட்டு வாங்கினால் அது சீர் இல்லை என்று இருந்துவிட்டாள். மூன்று மாதம் முன்பு, டாக்டர் எடையைக் குறைக்கச் சொன்ன அதே வாரம், பண்டிகையும் இல்லை ஒன்றும் இல்லை, ஒரு செவ்வாய்க்கிழமை, சபேசனும் அவன் பெண்டாட்டி வசுமதியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். வசுமதி கையில் பெரிய எவர்சில்வர் தட்டு. வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, மல்லிகைப்பூ, கேழ்வரகு மாவு, கொள்ளு, ஓட்ஸ் டப்பா, ஒரு சுரைக்காய், எல்லாவற்றுக்கும் நடுவில் சிவப்புக் காகிதம் சுற்றிய ஒரு பெட்டி. "அண்ணி, வெறுங்கையோட வந்து இளைங்கன்னு எப்படிக் கேக்கறதுன்னு மனசு ஒப்பல, அதான்" என்று வசுமதி தட்டை நீட்டினாள். புடவை என்று நினைத்து இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பிரித்தால் உள்ளே ஒரு ஜோடி ஷூ. மஞ்சள் கிழங்குக்கும் மல்லிகைப்பூவுக்கும் நடுவில் செருப்பு. கண்ணில் வேறு ஒற்றிக்கொண்டாயிற்று. வசுமதிக்கு அப்போதுதான் உறைத்தது, கன்னத்தில் போட்டுக்கொண்டாள், "பெட்டிக்குள்ளதானே இருக்கு அண்ணி, தோஷமில்ல" என்றாள். சபேசன் சுவரைப் பார்த்தான். மங்கையர்க்கரசியின் புருஷன் கலியமூர்த்தி பேப்பரைத் தாழ்த்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். அவர் சம்மதமும் எழுத்தில் வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் கேட்டபோதும் இதே முகம்தான். "உன் உடம்பு, உன் இஷ்டம் அரசி" என்று கையெழுத்துப் போட்டார். முப்பது வருஷத்தில் அவள் இஷ்டம் என்று அவர் விட்டுக்கொடுத்தது இந்த ஒன்றைத்தான். அந்த ஷூவில்தான் இப்போது நடக்கிறாள். அளவு கச்சிதமாக இருக்கிறது, அதுவும் ஒரு எரிச்சல்.

மூன்றாவது சுற்றா நான்காவதா. சுற்றை எண்ணினால் எண் வருகிறது, எண்ணாவிட்டால் கத்தி வருகிறது. சுற்றையே எண்ணுவோம். டாக்டரிடமிருந்து வந்த உணவுப் பட்டியலில் காலை, பதினொரு மணி, மதியம், மாலை, இரவு என்று ஐந்து கட்டம் போட்டிருந்தார்கள். ஆறாவது கட்டம் ஒன்று விட்டுப்போயிருந்தது, மற்றவர்கள் மிச்சம் வைப்பது. அதுதான் அவளுடைய முக்கால்வாசிச் சாப்பாடு. அம்மா காலத்திலிருந்து அப்படித்தான். சபேசன் கடைக்குட்டி, முட்டை அவனுக்கு, வறுவல் அவனுக்கு, நெய் ஊற்றிப் பிசைந்த முதல் சாதம் அவனுக்கு. அவன் இரண்டு வாய் தின்றுவிட்டு எழுந்து ஓடுவான். அம்மா அந்தத் தட்டை அப்படியே அவள் பக்கம் நகர்த்தி, "வீணாக்கக் கூடாது, நீ போட்டுக்கோ" என்பாள். தனக்கென்று போட்ட சோற்றையும் தின்று அவன் விட்ட சோற்றையும் தின்று அவள் ஊதினாள். ஊதினபிறகு, பொம்பளைப் பிள்ளைக்கு இவ்வளவு சோறு எதற்கு என்று அதே அம்மா கேட்டாள். அப்புறம் புருஷன் விட்ட தோசை, பிள்ளைகள் விட்ட பருப்பு சாதம். எழுபத்தொன்பதரைக் கிலோவில் தனக்கென்று சேர்ந்தது எவ்வளவு, சபேசன் தட்டிலிருந்து சேர்ந்தது எவ்வளவு என்று எந்த மிஷின் சொல்லும். இப்போது அதை இறக்கிவை, இறக்கிவைத்தபிறகு உள்ளே இருப்பதில் ஒன்றைக் கொடு என்கிறார்கள். அவன் மட்டும் என்ன செய்தான். சர்க்கரை வந்து எட்டு வருஷம் டாக்டரை ஏமாற்றினான். டெஸ்டுக்கு மூன்று நாள் முன்பு மட்டும் சப்பாத்தி, வெந்தயத் தண்ணீர், சாயங்காலம் ஒருமணி நேரம் ஓட்டமும் நடையும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்ததும் நேரே ஓட்டலுக்குப் போய்ப் பூரி மசால். சீட்டில் நல்ல எண் வரும், டாக்டர் சபாஷ் என்பார், அவன் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்துக் குடும்பத்துக்கே அனுப்புவான். மூன்று மாதச் சராசரி என்று ஒரு டெஸ்ட் இருக்கிறதாம், அதை எழுதிக்கொடுத்தால் லேபில் போய் அது வேண்டாம் சாதாரண டெஸ்டே போதும் என்பானாம். யாரை ஏமாற்றினாய் மடையா. பரீட்சை எழுதுகிறவனும் நீ, திருத்துகிறவனும் நீ, சிறுநீரகமும் உன்னுடையதுதானே. அவள் வாய்விட்டே "மடையன்" என்றாள். எதிர் வளைவில் வந்துகொண்டிருந்த ஒரு குர்தாக்காரர் தன்னைத்தான் சொல்கிறாள் என்று நினைத்து நடையை ஒழுங்குபடுத்திக்கொண்டார்.

விசில் ஊதியது. எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள், அவளும் திரும்பினாள். இருபத்தொரு நிமிடம் போயிருக்கிறது, மூச்சு வாங்கவில்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமே சத்தமாகச் சொல்லிக்கொள்வதில்லை. அவளுக்கு இது பிடித்துப் போய்விட்டது. இந்த மடத்தனமான எட்டு, காலைக் குளிர், பின்னங்கழுத்தில் வழிகிற வியர்வை, எல்லாம். முதல் மாதம் அழுதுகொண்டுதான் வந்தாள், ஐந்து மணிக்கு அலாரம் அடித்தால் சபேசனைத் திட்டிக்கொண்டே எழுந்தாள். இரண்டாம் மாதம் ஒருநாள் ஆபீஸ் மாடிப்படியைக் கைப்பிடியைத் தொடாமல் ஏறிவிட்டு மேலே போனபிறகுதான் அதைக் கவனித்தாள். ராத்திரி படுத்தால் தூக்கம் வந்தது. குனிந்தால் தன் கால் விரல் தெரிந்தது, விரலில் மெட்டி தேய்ந்து போயிருப்பதும் தெரிந்தது. ஐம்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாக இந்த உடம்பு தன்னுடையது என்று தோன்றுகிற நேரத்தில்தான் அது இன்னொருத்தனுக்குப் பொருத்தமாகிக்கொண்டிருந்தது. எவ்வளவு நன்றாக நடக்கிறாளோ அவ்வளவு சீக்கிரம் வெட்டு. இதைவிடக் கேவலமான ஏற்பாடு உண்டா. நன்றாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படவும் முடியவில்லை, இல்லாமல் போகட்டும் என்று விடவும் முடியவில்லை. போன மாதம் நான்கு நாள் விடாமல் ஆபீஸ் கேன்டீனில் மைசூர் போண்டா தின்று பார்த்தாள், ஐந்தாம் நாள் காலையில் கால் தானாகவே ஷூவுக்குள் போய் நின்றது. அந்த டாக்டர் பையன் சொன்னான், ஒன்றைக் கொடுத்தபிறகு மிச்சம் இருக்கிற ஒன்றைப் பார்த்துக்கொள்ள ஆயுசு முழுக்க இப்படியே நடக்கவேண்டும், இப்படியே சாப்பிடவேண்டும் என்று. ஆயுசு முழுக்க! சவரிமுத்துவின் விசிலுக்குத் திரும்பித் திரும்பி, சாகிற வரைக்கும் எட்டு. ஒன்று போதும் என்றால் சாமி எதற்கு இரண்டு வைத்தான், ஒன்று கெட்டால் இன்னொன்று என்றுதானே. தன்னுடையது கெட்டால் யார் தட்டில் ஷூ வைத்துக் கொடுக்கப்போவது.

ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசகர் அம்மாள் இருந்தாள், மெல்லிய குரல், மேஜையில் ஒரு பிளாஸ்டிக் சிறுநீரகம். தனியாக உட்கார வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, "உங்களுக்கு இஷ்டம் இல்லைன்னா இப்பவே சொல்லுங்கம்மா. தகுதி இல்லைன்னு மட்டும் நாங்க சொல்லிடுவோம், வேற காரணம் உங்க வீட்டுல யாருக்கும் தெரியாது" என்றாள். எவ்வளவு பெரிய கதவு திறந்தது. அரசி அந்தக் கதவைப் பார்த்தாள், பிளாஸ்டிக் சிறுநீரகத்தைப் பார்த்தாள், அவரைவிதை மாதிரி இருந்தது. "என் தம்பிக்கு நான் தராம யார் தருவா" என்றாள். வீராப்பு. அந்த அம்மாள் கண்ணில் ஒரு மரியாதை வந்ததே, அதற்காகச் சொன்னது. வெகு நாளாக யாரும் அவளை அப்படிப் பார்க்கவில்லை. அப்போது எழுபத்தொன்பதரைக் கிலோ இருந்தாள், அதுவே ஒரு கோட்டை, இதைத் தாண்டி எந்தக் கத்தியும் வராது என்று தெரிந்துதான் அவ்வளவு வீராப்பு. நினைக்க நினைக்க உடம்பு கூசியது. பெரியண்ணனுக்காவது ஒரு நாளில் பிரஷர் வந்தது, அவளோ மூன்று மாதம் நடந்து காட்டி, எல்லோரிடமும் தியாகி என்று பெயர் வாங்கி, கடைசி நாளில் கழுத்தறுக்கப் பார்க்கிறாள். ஏனென்றால் கட்டிலின் மேல் அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறாள். கல்யாணப் பட்டு, அகலச் சரிகை, தூக்கினாலே கை இறங்கும். அதைக் கட்டி, கிளம்புவதற்கு முன் ஒன்றரை லிட்டர் தண்ணீர் குடித்துவிட்டால் மிஷினில் எழுபத்திநாலு தாராளமாக வரும். ஆஸ்பத்திரியில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள், புடவையைக் கழற்றச் சொல்லமாட்டார்கள். "ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் பட்டு?" என்று கலியமூர்த்தி கேட்டார். "கட்டறதுக்குத்தான்" என்றாள். எட்டு வருஷம் சபேசன் எண்ணைக் குறைத்துக் காட்டினான், இவள் ஒரு நாள் கூட்டிக் காட்டப்போகிறாள். ஒரே வயிற்றில் பிறந்ததுகள் வேறு எப்படி இருக்கும். அவனைத் திட்டிய வார்த்தையெல்லாம் எட்டைச் சுற்றிக்கொண்டு அவளிடமே திரும்பி வந்தது, அதை எந்தத் திசையில் நடந்து தப்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

வடக்கு வளைவில் திரும்பியபோது வாசலில் ஒரு ஆட்டோ நிற்பது தெரிந்தது. அதிலிருந்து இறங்கியவன் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு விட்டுவிட்டுத்தான் அடுத்த காலைக் கீழே வைத்தான். முகம் உப்பி, கண் இடுங்கி, தோல் சாம்பல் பூத்திருந்தது. யாரோ கிழவன் என்று பார்த்துவிட்டு அரைச் சுற்று நடந்தபிறகுதான் அது சபேசன் என்று அவளுக்குப் பட்டது. நாற்பத்தாறு வயது. நேருக்கு நேர் பார்த்து மூன்று வாரம் இருக்கும், போனில் குரல் மட்டும் பழைய குரலாகவே இருந்ததால் முகமும் அப்படியே இருக்கும் என்று நினைத்துவிட்டாள். அவன் வேப்பமரத்தடிப் பெஞ்சு வரை வந்து உட்கார்ந்தான். கை தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தள்ளிப் போய் நின்றுகொண்டார். அவள் எட்டின் குறுக்கே விழுந்து நேராக நடந்தாள், பின்னால் சவரிமுத்து "மேடம், மேடம்" என்றார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"இங்க எதுக்குடா வந்த? பத்து மணிக்குத்தானே ஆஸ்பத்திரி."

"சும்மாத்தான்க்கா. தூக்கம் வரல." அவன் இடது கையை மடியில் வைத்திருந்தான். டயாலிசிஸ் ஊசி ஏற்றி ஏற்றி முன்கை நரம்பு கயிறு திரித்த மாதிரி புடைத்திருந்தது. "நேத்து எழுபத்திநாலுன்னு சொன்னியே, நெசமாவா?"

வந்தானா, கணக்கு வாங்க. எடை பார்க்கிற வரை கூடப் பொறுக்கவில்லை. "ஆமாண்டா. அதுக்கென்ன இப்ப?"

"இன்னிக்கும் அதேதான் இருக்குமா?"

"ஒரு ராத்திரியில ரெண்டு கிலோ எங்கடா போகும்? அதேதான் இருக்கும்."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது இடியும் என்று எதிர்பார்த்தாள், இடிந்தால் என்ன செய்வது என்று தெரியவில்லை. ஆனால் அந்த உப்பிய முகத்தில் எங்கோ ஒரு முடிச்சு அவிழ்ந்தது. தோள் இறங்கியது. "அப்பாடி" என்று சத்தம் வராமல் உதடு மட்டும் அசைந்தது. அவன் தன் சந்தோஷத்தை மறைக்கக் குனிந்துகொண்டான், அவனுக்கு எப்போதுமே மறைக்கத் தெரியாது. "சரி விடுக்கா, பரவால்ல, நீயும் என்ன பண்ணுவ" என்றான். அந்தக் குரலை அவளுக்குத் தெரியும். காலையில் பட்டுப்புடவையை எடுத்துக் கட்டிலில் போட்டபோது தன் மூச்சும் இப்படித்தான் இறங்கியது.

"ஏண்டா, உனக்கு சந்தோஷமா இருக்கா?"

"அதெல்லாம் இல்லக்கா."

"என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

அவன் பார்க்கவில்லை. "என் கூட டயாலிசிஸ்ல படுத்திருப்பாரே ஒருத்தர், லால்குடிக்காரர். போன வாரம் அவருக்கு அவங்க தங்கச்சி குடுத்தாங்க. வச்சாங்க. அது வேலை செய்யலக்கா. ரெண்டாம் நாளே எடுத்துட்டாங்க. அந்தப் பொண்ணு வயித்துல கட்டோட வராண்டாவுல உக்காந்திருந்துது, யாரும் அதுகிட்ட பேசல. நான் பாத்துக்கிட்டே இருந்தேன்." அவன் மூச்சு வாங்கினான். "எனக்கு பயமா இருக்குக்கா. செத்துருவேனோன்னு இருக்கு. செத்தாக்கூடப் பரவால்ல, உன்னைக் கீறி எடுத்து வச்சு அதுவும் வீணாப்போச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு... வசுகிட்ட சொன்னா திட்டறா. அதான் நீயே கொறையலைன்னா எல்லாருக்கும்..."

அவளுக்கு ஓங்கி அறையவேண்டும் போலிருந்தது. கோழை. எட்டு வருஷம் சர்க்கரைக்குப் பயந்து டெஸ்டை ஏமாற்றினான், இப்போது கத்திக்குப் பயந்து அக்காவின் இடுப்புச் சதைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள வந்திருக்கிறான். இவனைவிட ஒரு கேவலமான பிறவி உண்டா என்று நினைத்தாள். உண்டு, அது இவன் எதிரில் நின்றுகொண்டு எழுபத்திநாலு என்று கூசாமல் சொல்கிறது. இரண்டு கோழைகள், ஒன்றின் பொய்யில் இன்னொன்று நிம்மதியாக மூச்சுவிட்டுக்கொண்டு, இப்படியே இரண்டு பேரும் வீட்டுக்குப் போகலாம். யாரும் யாரையும் குற்றம் சொல்லமாட்டார்கள். ஆறு மாதமோ எட்டு மாதமோ கழித்து இவன் செத்துப்போவான், அவள் மார்பில் அடித்துக்கொண்டு அழுவாள், அழுகைக்கு நடுவே ஒருத்தியாவது, பாவம் எவ்வளவு நடந்தா, என்ன செய்வா, எறங்கலியே என்பாள். அதைக் கேட்டுக்கொண்டு தலையாட்டவேண்டும். அந்தத் தலையாட்டலைத்தான் அவளால் செய்யமுடியாது. கத்திகூட அவ்வளவு அருவருப்பாக இல்லை. அதோடு இந்த மடையன் மேல் அவளுக்குப் பிரியம் இருந்தது, அது எத்தனை நடந்தும் ஒரு கிராம்கூடக் குறையவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விட எரிச்சல்.

"எழுபத்திநாலு இல்லடா."

அவன் நிமிர்ந்தான்.

"எழுபத்தொண்ணு எண்ணூறு. நேத்து சாயங்காலமே பாத்துட்டேன். பொய் சொன்னேன்."

ஏன் என்று கேட்பான் என்று காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை, அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஒரே பயத்தை இரண்டு பேரும் வைத்துக்கொண்டு எதிரெதிரே இருந்தார்கள். சிரிக்கிற கூட்டம் அன்றைய கடைசிச் சிரிப்பைச் சிரித்துவிட்டுக் கலைந்துகொண்டிருந்தது.

"அக்கா," என்றான் சபேசன், கெஞ்சுகிற குரலில், "ஒரு மாசம் தள்ளி வச்சுக்கலாமா? ஒரே ஒரு மாசம். நானும் மனசத் தேத்திக்கறேன். நீயும் இப்படியே நடந்துக்கிட்டே இரு."

"ஒரு மாசமா?" அவள் சிரித்தாள். "நீ என்னைப் பத்தி என்னடா நெனைச்சுக்கிட்டிருக்க? ஒரு மாசம் குடுத்தேன்னா மறுபடி எண்பது கிலோ ஆயிடுவேன். நடக்க மாட்டேன், பொய் சொல்லுவேன், உன்னை ஆஸ்பத்திரி வராண்டாவுல விட்டுட்டு பிரஷர்னு வீட்டுல படுத்துக்குவேன். எனக்கு என்னைத் தெரியும். நான் நல்லவளா இருக்கறது இன்னிக்குப் பத்து மணி வரைக்கும்தான். அதுக்குள்ள வேணும்னா வாங்கிக்க."

அவன் அழத் தொடங்கினான், பெஞ்சில் உட்கார்ந்தபடி, யார் பார்க்கிறார்கள் என்று பார்க்காமல். அவள் அவனுடைய நல்ல கையைப் பிடித்துத் தூக்கினாள். கனமாக இருந்தான், உடம்பு முழுக்கத் தண்ணீர். "நட" என்றாள். வாசல் வரை முப்பது அடி இருக்கும், நான்கு இடத்தில் நின்று நின்று போனார்கள். பட்டு கட்டிலிலேயே கிடக்கட்டும் என்று நினைத்து அவள் அவன் கையை இறுக்கிப் பிடித்தாள், அவளுக்கும் பயம்தான் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் இரண்டு பேரும் விடவில்லை.